செம்பி இன்னும் படுக்கவில்லை

தார்ச்சாலை பஸ் திரும்பும் இடத்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் மண்பாதைதான். பாதையில் ஏறிப் போனால் ஒரு முள்வேலி தெரியும். வேலிக்குள் ஓர் ஓட்டு வீடு, ஒரு குடிசை, ஆட்டுக்கொட்டில், அடுப்படி, ஒரு கொடுக்காப்புளி மரம். இவ்வளவுக்கும் சேர்த்து வாசல் ஒன்றே ஒன்று. அதற்குக் கதவு கிடையாது. மூங்கிலும் முள்ளும் வைத்துக் கட்டிய படல்தான். காலையில் அதை இழுத்து ஓரமாகச் சாய்த்து வைப்பார்கள். மாலையில் இழுத்துச் சாத்துவார்கள்.

அங்கே நாச்சம்மா இருந்தார். ஆடு வளர்ப்பது அவர் பிழைப்பு. காவி கட்டியதில்லை, மேடை ஏறியதில்லை. ஆனாலும் கீழே உள்ள ஊர்களில் மனம் கலங்கியவர்கள் அவரைத் தேடி மேலே வருவார்கள். குட்டிக்குப் பால் ஊட்டியபடியோ விறகு பிளந்தபடியோ அவர்கள் சொல்வதை நாச்சம்மா கேட்டுக்கொள்வார். சில நேரம் ஒரு சொல் பதிலாக வரும். சில நேரம் சிரிப்பு வரும். சில நேரம், "இந்த வாளியக் கொஞ்சம் பிடிங்க" என்று வரும். வாளியைப் பிடித்தவர்களும் முகம் தெளிந்துதான் இறங்கிப் போனார்கள்.

சோணைமுத்துவும் அப்படி ஒருநாள் ஏறி வந்தார். அவர் பஸ் கண்டக்டர். அடிவாரத்துக்கு வரும் அதே பஸ்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளைகளும் இல்லை. தலை முழுக்க நரைத்திருந்தது. சட்டைப் பையில் மட்டும் பழைய விசில் இன்னும் இருந்தது.

"உங்ககிட்ட சிஷ்யனாச் சேரணும்மா," என்றார்.

நாச்சம்மா அவரைவிட வயதில் இளையவர். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆடு மேய்க்கத் தெரியுமாண்ணே?"

"தெரியாதும்மா. ஆள் மேய்ச்சிருக்கேன், பஸ்ஸுல."

"உள்ள போங்க, உள்ள போங்கன்னா போவாங்களா?"

"ஒருத்தனும் போக மாட்டான்."

நாச்சம்மா சிரித்துவிட்டார். "அப்ப உங்களுக்கு ஆடு சுலபந்தான். எதுக்காக இங்க வந்தீங்க?"

"ஆயுசு முழுக்க பஸ்ஸுலயே போயிருச்சும்மா. ஏறுன எல்லாருக்கும் இறங்க ஒரு எடம் இருந்துச்சு. எனக்கு எதுன்னு தெரியல."

"சரி. செம்பி பின்னால போங்க."

"செம்பி யாரும்மா?"

அவர் முழங்காலுக்குப் பின்னால் ஏதோ ஈரமாக, குளிர்ச்சியாகத் தொட்டது. திடுக்கிட்டுத் திரும்பினார். ஒரு நாயின் மூக்கு.

அன்றிலிருந்து அவர் அங்கே இருந்தார். குரு சிஷ்யனை 'அண்ணே' என்றார். சிஷ்யன் குருவை 'அம்மா' என்றார். அந்த வீட்டில் யாருக்கும் அது வினோதமாகப் படவில்லை.

செம்பி கோம்பை நாய். செம்பு நிறம், கறுத்த மூஞ்சி, முறுக்கிய வால். கோம்பை நாய் என்றாலே காவல் என்பார்கள். செம்பியின் தாய் ஓர் ஆட்டுக்கிடையில் வளர்ந்ததாம். அதனால் செம்பிக்குக் காவலோடு மேய்ப்பும் சேர்ந்து வந்திருந்தது. மந்தையை விட்டு ஓர் ஆடு விலகினால் அதன் பின்னங்காலை லேசாகக் கவ்வும். பல் பதியாது, ஆனால் ஆட்டுக்குச் சேதி போய்விடும்.

முதல் நாள் மலையை வேடிக்கை பார்த்துக்கொண்டு சோணைமுத்து மந்தையிலிருந்து விலகி நடந்தார். குதிகாலில் 'நறுக்' என்றது.

"ஏய்! நான் ஆடு இல்ல!"

செம்பி அதைக் காதில் வாங்கவில்லை.

நாச்சம்மாவின் கணவர் காத்தமுத்து, கையில் கொக்கி வைத்த தொரட்டிக் கம்போடு முன்னால் போய்க்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்து, "அண்ணே, அது கண்ணுக்குக் கூட்டத்துல இருக்கிறது எல்லாம் ஆடுதான். கோவிச்சுக்காதீங்க," என்றார்.

ஆட்டுக்கு எப்படியோ அப்படித்தான் வீட்டுக்கும். அவர்களுடைய மகள் பேச்சி தவழ்ந்த காலத்தில், வாசல் தாண்டினால் செம்பி அவள் பாவாடையைக் கவ்வி உள்ளே இழுத்து வந்துவிடும். பேச்சி அழுவாள். செம்பி அவள் கண்ணீரை நக்கும். அப்புறம் அவள் சிரித்துக்கொண்டே மறுபடி வாசலுக்குத் தவழ்வாள்.

ஒரு மாட்டுப் பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். செம்பி ஒரு சுற்றுச் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் அத்தனை பிள்ளைகளும் கொடுக்காப்புளி மரத்தடியில் ஒரே கொத்தாக நின்றார்கள். ஒருவன் நழுவினான். செம்பி கொண்டுவந்து சேர்த்தது. இன்னொருத்தி நழுவினாள். அவளையும் சேர்த்தது. பிறகு பிள்ளைகள் வேண்டுமென்றே நழுவ ஆரம்பித்தார்கள்.

"ஐயையோ, எம்புள்ளைய நாய் வெரட்டுது!" என்று ஒரு அத்தை கத்தினார்.

"வெரட்டலத்தா, சேக்குது," என்றார் காத்தமுத்து.

செம்பி வேலை பார்த்தது. பிள்ளைகள் விளையாடினார்கள். எது வேலை எது விளையாட்டு என்று செம்பியைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அதன் வால் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் ஆடியது.

ஒருநாள் மேய்ச்சலில் சோணைமுத்து தன் குறையைச் சொன்னார்.

"கண்ண மூடி உக்காந்தா மனசு ஓடுதும்மா. பின்னாடியே தொரத்துறேன். பிடிபட மாட்டேங்குது."

அந்த நேரம் பார்த்துச் சண்டிக்காரி என்ற ஆடு மந்தையை விட்டுப் பிரிந்து, பக்கத்துச் சோளக்காட்டைப் பார்த்து ஓடியது.

"அதைப் பிடிங்கண்ணே," என்றார் நாச்சம்மா.

சோணைமுத்து ஓடினார். ஆடு இன்னும் வேகமாக ஓடியது. அவர் நின்றார். ஆடும் நின்று திரும்பிப் பார்த்தது. மறுபடி ஓடினார். செருப்பு வார் அறுந்தது.

"செம்பி," என்றார் நாச்சம்மா மெதுவாக.

செம்பி ஆட்டின் பின்னால் போகவில்லை. வயிறு தரையில் உரச, தூரமாக ஒரு வளைவு போட்டுச் சென்று, சோளக்காட்டு வரப்பில் ஆட்டுக்கு எதிரே போய் நின்றது. குரைக்கவில்லை. சும்மா நின்றது. சண்டிக்காரி அதைப் பார்த்தது. ஏதோ மறந்துவிட்டு வந்ததைப் போலத் திரும்பி மந்தைக்குள் போய்விட்டது.

"செம்பி ஒருநாளாச்சும் ஓடுற ஆட்டைத் தொரத்திப் பாத்திருக்கீங்களாண்ணே?"

சோணைமுத்து அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார். அதற்குப் பிறகு கண்ணை மூடி உட்கார்ந்தபோது அவர் எதையும் துரத்தவில்லை.

இப்படியே எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒன்றே ஒன்றுதான் அவருக்கு உறுத்தல்.

அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. மலையில் சிறுத்தை நடமாட்டம் இருந்ததால் இருட்டுவதற்குள் படலைச் சாத்தியாக வேண்டும். எப்போது சாத்துவது என்பதைச் செம்பிதான் சொல்லும். மந்தை வாசலில் நுழையும்போது அது ஓரமாக நிற்கும். ஒவ்வோர் ஆடும் அதன் மூக்கை உரசிக்கொண்டு உள்ளே போகும். பிறகு செம்பி வேலிக்குள் ஒரு சுற்று வரும். கொட்டிலை எட்டிப் பார்க்கும். அடுப்படியில் நாச்சம்மாவைப் பார்க்கும். பேச்சியின் கையை முகரும். எல்லாம் சரி என்றால் வாசலுக்கு வந்து, முன்னங்கால்களை நீட்டி, மூஞ்சியை அவற்றின் மேல் வைத்து, பெருமூச்சு விட்டுப் படுத்துவிடும். செம்பி படுத்த பிறகுதான் காத்தமுத்து படலைச் சாத்துவார். படல் சாத்திய பிறகுதான் அடுப்பிலிருந்து களி இறங்கும். முதல் உருண்டை செம்பிக்கு. படலைச் சாத்துவது வீட்டுக்காரர்களின் வேலை. சோணைமுத்து அதைத் தொட்டதில்லை.

ஒருமுறை காத்தமுத்து ஆட்டுச் சந்தையிலிருந்து வர நேரமாகிவிட்டது. செம்பி வாசலிலேயே நின்றதாம். அந்தக் கதையை அவர் எல்லோரிடமும் சொல்லுவார்.

"எம்பொண்டாட்டி படுத்துத் தூங்கிட்டா. செம்பி படுக்கல!"

"செம்பி நிக்கிறப்ப நான் எதுக்கு நிக்கணும்?" என்பார் நாச்சம்மா.

வந்து போகிறவர்களைச் செம்பி கணக்கில் சேர்ப்பதில்லை. அவர்கள் உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

சோணைமுத்து வந்து சேர்ந்த புதிதில் கண்ணாடி மாற்ற டவுனுக்குப் போனார். கடைசி பஸ்ஸில் திரும்பி வந்து பார்த்தால், படல் சாத்தியிருந்தது. உள்ளே செம்பி நிம்மதியாகப் படுத்திருந்தது. அவர் படலைத் தொட்டதும் உறுமியது.

சத்தம் கேட்டு நாச்சம்மா விளக்கோடு வந்தார்.

"செம்பி படுத்துருச்சுண்ணே. எல்லாரும் வந்தாச்சுன்னு சாத்திட்டோம்."

"நான் வரலையேம்மா?"

"அதை அதுகிட்டல்ல சொல்லணும்," என்று சிரித்துக்கொண்டே நாச்சம்மா படலை இழுத்துத் திறந்தார்.

சோணைமுத்து சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு பொழுது சாயும் நேரத்தில் அவர் வேலிக்கு வெளியே இருந்ததே இல்லை. ஆனால் அந்த உறுமல் மட்டும் அவருக்குள் கிடந்தது.

ஆடுகளுக்குப் பேர் தெரிந்துகொண்டார். குட்டி ஈன்றபோது பக்கத்தில் இருந்தார். பேச்சி அவரை 'கண்டக்டர் மாமா' என்று கூப்பிட்டாள். விசிலை வாங்கி ஊதி, கொடுக்காப்புளி மரத்தடியில் அவரோடு பஸ் விளையாடினாள்.

"மாமா, பஸ்ஸுல எத்தன பேரு?"

"பேச்சி ஒண்ணு, பொம்மை ஒண்ணு, ஆட்டுக்குட்டி ஒண்ணு."

"நீ?"

"கண்டக்டரைக் கணக்குல சேக்குறதில்ல, கண்ணு. அது ரூல்ஸு."

இவ்வளவு இருந்தும் அவர் மனம் ஆறவில்லை. அவ்வப்போது நாச்சம்மாவிடம் கேட்பார்.

"அம்மா, என்னைய சிஷ்யனா ஏத்துக்கிட்டீங்களா?"

நாச்சம்மாவின் பதில் எப்போதும் ஒன்றுதான்.

"கேக்க வேண்டிய எடத்துல கேளுங்கண்ணே."

எது கேட்க வேண்டிய இடம் என்று சோணைமுத்துவுக்குப் புரியவில்லை. மலைமேல் இருந்த அய்யனாரிடம் போய்க் கேட்டார். அய்யனார் கண்ணை உருட்டிப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். ஓடைக்கரையில் உட்கார்ந்து கேட்டார். ஓடை தன் பாட்டில் போனது.

பஸ் திரும்பும் இடத்துக்குப் போகும்போதெல்லாம் அவருடைய பழைய டிரைவர் தவசி அவரைப் பிடித்துக்கொள்வார். தவசி இன்னும் அதே பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன கண்டக்டரே, டிக்கெட் கெடச்சுதா?"

"இன்னும் இல்லப்பா."

"டிக்கெட் இல்லாம எம்புட்டு நாளைக்குய்யா நின்னுக்கிட்டே வருவ? எங்க வீட்டு மாடி காலியாக் கெடக்கு. வந்துரு. சாயங்காலம் ரெண்டு பேரும் டீ குடிச்சுக்கிட்டு, ஏறாத பஸ்ஸை எல்லாம் திட்டிக்கிட்டு இருப்போம்."

தவசி விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் சோணைமுத்துவை விடவில்லை. டிக்கெட் இல்லாமல் நின்றுகொண்டே வருகிறவன். எத்தனை பேரை அவரே அப்படிப் பாதி வழியில் இறக்கிவிட்டிருக்கிறார்!

ஒருநாள் மதியம் நாச்சம்மா ஓர் ஆட்டை மடியில் சாய்த்துக் குளம்பு சீவிக்கொண்டிருந்தார். சோணைமுத்து எதிரே போய் நின்றார்.

"கடைசியாக் கேக்குறேம்மா. என்னைய ஏத்துக்கிட்டீங்களா?"

"கேக்க வேண்டிய எடத்துல கேளுங்கண்ணே."

"அப்ப நான் இன்னைக்குக் கடைசி பஸ்ஸுல கெளம்புறேன். தவசி வீட்டு மாடிக்கு."

நாச்சம்மாவின் கத்தி நின்றது. பிறகு மறுபடி சீவியது.

"சரிண்ணே. சாயங்காலம் மந்தையை மட்டும் கொண்டாந்து விட்டுட்டுப் போங்க."

அவர் 'இருங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று சோணைமுத்து கொஞ்சம் எதிர்பார்த்திருந்தார். சொல்லவில்லை.

சோணைமுத்து தான் தங்கியிருந்த குடிசைக்குப் போய்ப் பையைக் கட்டினார். அதைத் தோளில் மாட்டிக்கொண்டே மேய்ச்சலுக்குப் போனார். மலைக்குப் பின்னால் வெயில் இறங்கும்போது மந்தையை ஓட்டிக்கொண்டு வந்தார். வாசல்வரை வந்தவர், உள்ளே போகவில்லை. வெளியே ஓரமாக நின்றார்.

ஆடுகள் ஒவ்வொன்றாகச் செம்பியின் மூக்கை உரசிக்கொண்டு உள்ளே போயின. காத்தமுத்து படலுக்குப் பக்கத்தில் நின்றார். பேச்சி அடுப்படி வாசலில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

படல் சாத்துவதைப் பார்த்துவிட்டு இறங்கலாம் என்று சோணைமுத்து நினைத்தார். கீழே பஸ் வந்து திரும்பும் சத்தம் கேட்டது.

செம்பி உள்ளே ஒரு சுற்று வந்தது. கொட்டிலைப் பார்த்தது. அடுப்படியைப் பார்த்தது. பேச்சியை முகர்ந்தது. வாசலுக்கு வந்தது.

படுக்கவில்லை.

வெளியே வந்து சோணைமுத்துவின் முழங்காலை மூக்கால் முட்டியது.

"போதும் செம்பி. நானும் உன்னைய மறக்க மாட்டேன். போ, போய்ப் படு," என்று அவர் அதன் காதைத் தடவினார்.

செம்பி உள்ளே போனது. இன்னொரு சுற்று வந்தது. திரும்பி வந்து வாசலில் நின்று அவரைப் பார்த்தது.

"என்னங்க, செம்பி இன்னும் படுக்கலையே?" என்றார் சோணைமுத்து.

"ஒண்ணு கொறையுது போல," என்றார் காத்தமுத்து.

சோணைமுத்துவுக்குத் திக்கென்றது. இன்று மந்தையை ஓட்டி வந்தது அவர். போகிற நாளில் ஓர் ஆட்டைத் தொலைத்துவிட்டா போவது? சிறுத்தை வேறு!

"காத்தமுத்து, பேர் சொல்றேன், பாத்துச் சொல்லுங்க. மொட்டக்காது?"

"இருக்கு."

"வெள்ளச்சி?"

"இருக்கு."

"சண்டிக்காரி?"

"இருக்கா. எங்கால மிதிச்சுக்கிட்டு நிக்கிறா."

எல்லாப் பேரும் சொல்லியாகிவிட்டது. எல்லா ஆடும் இருந்தது. குட்டிகள் கொட்டிலில் இருந்தன. செம்பி மட்டும் நின்றுகொண்டே இருந்தது.

"நாய்க்கு வயசாயிருச்சோ?" என்றார் சோணைமுத்து.

அடுப்படியிலிருந்து நாச்சம்மா குரல் கொடுத்தார். "செம்பிக்குக் கணக்குத் தப்பாதுண்ணே."

"அப்ப எதும்மா கொறையுது?"

"நீங்கதான கொண்டாந்தீங்க. நீங்களே பாருங்க."

"அம்மா, பசிக்குது!" என்றாள் பேச்சி.

"செம்பி படுக்கட்டும், கண்ணு."

காத்தமுத்து தொரட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். நாச்சம்மா அவர் துண்டின் நுனியைப் பிடித்து நிறுத்தினார். காத்தமுத்து மனைவியைப் பார்த்தார். செம்பியைப் பார்த்தார். பிறகு சோணைமுத்துவைப் பார்த்தார். அவருக்குத் திடீரென்று இருமல் வந்தது போலிருந்தது. துண்டை வாயில் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

சோணைமுத்துவுக்கு அதை எல்லாம் கவனிக்க நேரமில்லை. பையை வாசலுக்கு வெளியே போட்டுவிட்டு மேட்டைப் பார்த்து ஓடினார்.

செம்பியும் ஓடி வந்தது.

"காட்டு செம்பி, எங்க இருக்குன்னு காட்டு!"

அவர் ஓடைப் பக்கம் திரும்பினார். செம்பி வளைந்து போய் அவருக்கு எதிரே நின்றது.

"இங்கிட்டு இல்லையா? சரி."

பாறைப் பக்கம் போனார். செம்பி அங்கேயும் எதிரே வந்து நின்றது.

"இங்கிட்டும் இல்லையா? பின்ன எங்கிட்டு?"

உண்ணிச்செடிப் புதருக்குள் தலையை விட்டுப் பார்த்தார். குதிகாலில் 'நறுக்' என்றது.

"ஏய்! தேடுறேன்ல!"

கீழே பஸ் ஹாரன் அடித்தது. சோணைமுத்து சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ஒருமுறை ஊதினார். ஒரு விசில் என்றால் நில் என்று அர்த்தம். தவசிக்கு அது பழகின பாஷை. ஹாரன் நின்றது.

வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பி எதிரே வந்து நின்றது. ஒரே ஒரு பக்கம்தான் அது மறிக்கவில்லை. வேலி இருந்த பக்கம்.

சோணைமுத்து நின்று யோசித்தார். 'அப்படியானால் ஆடு வெளியே இல்லை. உள்ளேதான் எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது. கொட்டிலுக்குப் பின்னால் முள்ளில் சிக்கியிருக்கும். காத்தமுத்து சரியாகப் பார்த்திருக்க மாட்டார்.'

வேலியைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார். செம்பி அவர் வேட்டி நுனியை உரசிக்கொண்டே பின்னால் வந்தது. அது இப்போது முட்டவில்லை, கவ்வவில்லை. அதன் வால் மட்டும் மாட்டுப் பொங்கலன்று ஆடியதைப் போல ஆடியது.

வாசலைத் தாண்டினார். நேரே கொட்டிலுக்குப் பின்னால் போனார். குனிந்து முள்ளுக்குள் பார்த்தார். எதுவும் இல்லை. மரத்துக்குப் பின்னால் பார்த்தார். அங்கேயும் எதுவும் இல்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு திரும்பினார்.

வாசலில் செம்பி முன்னங்கால்களை நீட்டி, மூஞ்சியை அவற்றின் மேல் வைத்துப் படுத்திருந்தது. பெருமூச்சு விட்டது. அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டது.

சோணைமுத்து செம்பியைப் பார்த்தார். பிறகு ஆடுகளைப் பார்த்தார்.

"படுத்துருச்சே! எது வந்துச்சு இப்ப?"

காத்தமுத்துவின் துண்டு மறுபடி வாய்க்குப் போனது.

"நீதான் வந்த, மாமா," என்றாள் பேச்சி. "அம்மா, களி!"

சோணைமுத்து நின்ற இடத்திலேயே நின்றார். ஒருநாள் இரவு படலுக்கு வெளியே நின்று கேட்ட அந்த உறுமல் நினைவுக்கு வந்தது. இப்போது அதே நாய், ஒரு கண்ணை மட்டும் திறந்து அவரைப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டது.

அவர் மெதுவாகப் போய்ச் செம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அதன் முதுகில் கைவைத்தார். முதுகு சூடாக, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கீழேயிருந்து தவசி கத்தினார். "யோவ் கண்டக்டரே! வர்றியா, இல்லையா?"

சோணைமுத்து விசிலை எடுத்தார். உட்கார்ந்தபடியே இரண்டுமுறை ஊதினார்.

இரண்டு விசில் என்றால் கிளம்பலாம்.

கீழே தவசி ஹாரனை நீளமாக, கல்யாண வண்டி போல அடித்தார். எஞ்சின் உறுமியது. விளக்கு வெளிச்சம் வளைவில் திரும்பி மறைந்தது.

காத்தமுத்து தொரட்டிக் கம்பை நீட்டி, வெளியே கிடந்த பையை அதில் மாட்டி, உள்ளே இழுத்துப் போட்டார்.

அடுப்படியில் நாச்சம்மா களிச்சட்டியில் கைவைத்தபடி திரும்பிப் பார்த்தார்.

"கேட்டாச்சாண்ணே?"

சோணைமுத்துவின் கை செம்பியின் முதுகில் இருந்தது.

"கேட்டாச்சும்மா."

"அப்ப படலைச் சாத்துங்க. களி ஆறுது."